பழைய மடிக்கணினிக்கு எந்த இயங்குதளம்: மின்ட், டெபியன், ஆன்டிஎக்ஸ், ஓபன்பிஎஸ்டி

விண்டோஸ் 10க்கு வழக்கமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும், இன்டெல் கணினியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் தேவை. கொழும்பில் பாவித்த நிலையில் வாங்கி இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் பண்டாரவளைக்கும் கொண்டுவரப்பட்ட மடிக்கணினிகளில் பல இந்த வரம்புக்குள் வருவதில்லை. பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய கணினியை எறிந்துவிட எந்தக் குடும்பத்துக்கும் மனம் வராது, எறியவும் தேவையில்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகையையோ, அதனைப் போல யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த ஒன்றையோ நிறுவினால் அந்தக் கணினி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் எதை நிறுவுவது என்ற இடத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் ரேம் அளவை மட்டும் பார்த்து, மிக இலேசானதை நிறுவுங்கள் என்று முடித்துவிடுகின்றன. தோட்டத்து லயன் வீட்டிலோ சிறு நகரத்து மாலை வகுப்பிலோ இருக்கும் கணினிக்கு அந்த ஆலோசனை போதாது. இங்கே இணைப்பு என்பது கைபேசி டேட்டா. மழைக்காலத்தில் மின்சாரம் சொல்லாமல் நிற்கும். ஏதாவது பழுதானால் பார்ப்பதற்கு அடுத்த வீட்டுப் பிள்ளையோ பாடசாலை ஆசிரியரோதான் இருப்பார். இந்த மூன்றையும் கணக்கில் எடுத்தால் விடை மாறுகிறது. இலேசான இயங்குதளத்தைத் தேடுவதைவிட, அந்த வீட்டிலுள்ளவர்களால் பராமரிக்கக்கூடிய இயங்குதளத்தைத் தேடுவதே சரியானது என்பது என் உறுதியான கருத்து.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

செயலி 64-பிட்டா, 32-பிட்டா, அதாவது அது ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவு. இது முதலில் தெரிந்தாக வேண்டும், ஏனெனில் பாதித் தெரிவுகள் இதிலேயே கழிந்துவிடும். கணினியில் 32-பிட் விண்டோஸ் இருப்பதால் செயலியும் 32-பிட் என்று முடிவு கட்டக்கூடாது. கோர் 2 டுவோ செயலிகள் 64-பிட் திறன் உள்ளவை, ஆயினும் அவற்றில் பலவற்றில் 32-பிட் விண்டோஸே நிறுவப்பட்டிருந்தது. மாறாக, பெயரில் 2 இல்லாத பழைய கோர் டுவோவும், சிறு நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270உம் உண்மையாகவே 32-பிட் செயலிகள்.

ரேமும் வன்தட்டும். இயங்குதளம் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்பது பலர் நினைக்கும் அளவுக்கு முக்கியமானதன்று. உண்மையில் கனமானது உலாவி. நான்கைந்து தாவல்களும் ஒரு யூடியூப் பாடமும் திறந்திருந்தால், இயங்குதளத்தில் மிச்சம் பிடித்த சில நூறு எம்பி அங்கேயே கரைந்துவிடும். ஆகவே 2 ஜிபியிலிருந்து 4 ஜிபிக்கு உயர்த்துவதும், சுழலும் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு சாட்டா வகை எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வட்டு) ஒன்றைப் பொருத்துவதும் எந்த இயங்குதளத் தெரிவையும்விடக் கூடிய பலனைத் தரும். 120 ஜிபி அளவே போதும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவிடுங்கள். ரேம் வாங்கச் செல்லும்போது பழைய ரேம் துண்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் டிடிஆர்3, டிடிஆர்3எல் என்ற வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கினால் சில கணினிகளில் அது வேலை செய்யாது.

டேட்டா. நிறுவுவதற்கான கோப்பைப் பதிவிறக்குவது ஒருமுறைச் செலவு. நண்பர் ஒருவரின் பென்டிரைவில் வாங்கிக்கொண்டாலும் ஆயிற்று. நள்ளிரவுக்குப் பின்னர் தனியாகத் தரப்படும் இரவு நேர டேட்டாவில் இறக்கினாலும் ஆயிற்று. மாதந்தோறும் வரும் திருத்தங்களின் அளவே கவனிக்க வேண்டியது, அதையோ பெரும்பாலான ஒப்பீடுகள் சொல்வதில்லை.

மின்தடை. பழைய மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். அப்போது அது மேசைக் கணினிக்குச் சமம்; மின்சாரம் போன கணமே அணைந்துவிடும். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியா, டிக்கோயா, ஹட்டன் பக்கமும், ஆண்டின் இறுதி மாதங்களில் பதுளை, பசறை, லுணுகலைப் பக்கமும் இது அடிக்கடி நேரக்கூடியது. இப்படித் திடீரென்று அணைவதை இயங்குதளத்தின் கோப்பு முறை (வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் அமைப்பு) எப்படித் தாங்குகிறது என்பதை, இந்த மலைகளில் வாழ்பவர்கள் ரேம் அளவுக்கு நிகராக வைத்துப் பார்க்க வேண்டும்.

வைஃபை, அச்சுப்பொறி. இன்டெல் வைஃபை அட்டை இருந்தால் அநேகமாகச் சிக்கல் இல்லை. பிராட்காம் அட்டை இருந்தால் கூடுதல் இயக்கிகள் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்கள்) தேவைப்படலாம். எது இருந்தாலும், கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் டேட்டாவைக் கணினிக்குப் பகிரும் டெதரிங் செய்தால் லினக்ஸ் வகைகள் அதனை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்; நிறுவும் நாளில் இந்த வழியைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. அச்சுப்பொறிகளில் எச்பியும் எப்சனின் மைத்தொட்டி வகைகளும் லினக்ஸில் இலகுவாக இணைகின்றன. கொமியூனிகேஷன் கடைகளில் காணப்படும் கெனன் எல்பிபி 2900 போன்ற சிறு லேசர் அச்சுப்பொறிகள் தொல்லை தரக்கூடியவை, ஏனெனில் அவற்றுக்குக் கெனனின் தனி இயக்கி வேண்டும்.

தமிழும் சிங்களமும். யூனிகோட் தமிழை வாசிப்பதில் இன்று எந்தத் தெரிவிலும் குறையில்லை. தட்டச்சுதான் வேறுபடுகிறது. ஐபஸ் அல்லது எஃப்சிடிக்ஸ் உள்ளீட்டு முறையோடு, பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் முறை, இலங்கையில் பலர் பழகியுள்ள ரெங்கநாதன் விசைப்பலகை, சிங்கள விஜேசேகர விசைப்பலகை ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்கும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய வினாத்தாள்களும் கடிதங்களும் வீணாகிவிடுமோ என்று ஆசிரியர்கள் அஞ்சுவதுண்டு. பாமினி எழுத்துருக் கோப்பைப் பயனரின் எழுத்துரு அடைவில் இட்டுவிட்டால் லிப்ரே ஆபிஸில் அவை முன்போலவே தோன்றும். லதா எழுத்துரு விண்டோஸுக்குரியது. அதில் அமைந்த ஆவணங்கள் வேறு எழுத்துருவில் திறக்கும்போது வரிகளும் பக்கங்களும் சற்று நகரும். அச்சிட்டுக் கொடுக்க வேண்டிய விண்ணப்பப் படிவங்களில் இதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும்.

எத்தனை ஆண்டுகள், யார் பார்ப்பது. திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்பதும், அடுத்த பதிப்புக்கு மாறும் வேலையை அந்த வீட்டில் யார் செய்வார் என்பதும் ஒன்றோடொன்று சேர்ந்த கேள்விகள்.

## லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு

மின்ட், உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் வகையின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. இப்போதைய 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்ற மூன்று முகப்புகளோடு (திரைத் தோற்றங்களோடு) வெளியாகிறது; பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ பொருந்தும். மின்ட் திட்டம் குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் என்றும், வசதியாகப் பயன்படுத்த 4 ஜிபி என்றும் சொல்கிறது. நானோ 4 ஜிபிக்குக் குறைவான கணினிக்கு இதனைப் பரிந்துரைப்பதில்லை. 64-பிட் செயலி கட்டாயம்.

இதன் பெரிய பலம், விண்டோஸிலிருந்து வருபவர் எதையும் புதிதாகக் கற்காமலே வேலையைத் தொடங்கலாம் என்பது. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் வைஃபையும் கடிகாரமும். பிராட்காம் வைஃபை உள்ள கணினி இணையத்தோடு இணைய முடியாமல் நிற்கும்போது, நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவிலிருந்தே அந்த இயக்கியை எடுத்து நிறுவும் வசதி மின்ட்டின் இயக்கி மேலாளரில் உண்டு. ரவுட்டரும் கம்பி இணைப்பும் இல்லாத வீட்டில் இது ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். டைம்ஷிஃப்ட் என்ற கருவி அமைப்பின் நிலையைப் பதிவு செய்து வைக்கிறது. ஒரு திருத்தம் கெடுத்துவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். பழுது பார்க்க ஆள் இல்லாத ஊரில் இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது டேட்டா. நிறுவும் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. அதைவிட முக்கியமானது, உபுண்டு அடித்தளத்தில் எல்லா வன்பொருள்களுக்குமான ஃபர்ம்வேர்கள் (வன்பொருள் இயங்கத் தேவையான உள்மென்பொருள்கள்) ஒரே பெரிய தொகுப்பாகக் கட்டப்பட்டிருப்பது. அதில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும், உங்கள் கணினியில் இல்லாத வன்பொருள்களுக்கும் சேர்த்துச் சில நூறு எம்பி இறங்கும். திருத்த மேலாளர் கேட்காமல் இறக்குவதில்லை என்பதால், இவற்றை இரவு டேட்டாவுக்கு ஒத்திவைக்கலாம். ஆனால் வீட்டிலுள்ளவருக்கு அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டாவது, பிளாட்பக் என்ற தொகுப்பு வடிவத்தின் வழியாக மென்பொருள் நிறுவும் பழக்கம். மென்பொருள் மேலாளரில் ஒரே மென்பொருள் இரு வடிவங்களில் தோன்றும்போது சிஸ்டம் தொகுப்பு என்றிருப்பதைத் தெரிவு செய்யுங்கள். பிளாட்பக் வடிவம் தன் துணைத் தொகுப்புகளையும் சேர்த்து ஜிபி கணக்கில் இறக்கக்கூடும். மூன்றாவது, டைம்ஷிஃப்ட் பதிவுகளை எண்ணிக்கை வரம்பில்லாமல் விட்டால் 120 ஜிபி எஸ்எஸ்டி மெல்ல நிரம்பிவிடும். இரண்டு பதிவுகள் போதும்.

மின்தடையைப் பொறுத்தவரை, மின்ட் இயல்பாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறை மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டுப் பகுதியில் பதிவு செய்கிறது. மின்சாரம் வந்து மீண்டும் இயக்கும்போது அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துச் சில நொடிகளில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இது டெபியனுக்கும் ஆன்டிஎக்ஸுக்கும் பொருந்தும். ஆனால் அது காப்பாற்றுவது கோப்பு முறையின் ஒழுங்கையே தவிர, சேமிக்காத கட்டுரையை அல்ல. லிப்ரே ஆபிஸ் இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கிறது. அதனை இரண்டு நிமிடமாக மாற்றி வையுங்கள். இடி மின்னலோடு மழை பெய்யும் நேரத்தில் திருத்தங்களை நிறுவத் தொடங்குவதும் கூடாது. பாதியில் நின்ற நிறுவலைச் சரிசெய்ய முடியும், ஆனால் அதற்கு முனையத்தில் கட்டளை கொடுக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

## டெபியன் 13

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, ட்ரிக்ஸி என்ற பெயருடையது. ஒவ்வொரு டெபியன் பதிப்புக்கும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அதன் பின்னர் இரண்டு ஆண்டுகள் நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவும் கிடைப்பதால், 2030 வரை இதனை நம்பி வைத்திருக்கலாம். எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு நிறுவினால் மின்ட்டைவிடக் குறைந்த ரேமில் நிற்கும். 2 ஜிபி கணினியிலும் எழுத்து வேலைக்கும் ஓரிரு இணையப் பக்கங்களுக்கும் தாக்குப்பிடிக்கும். இசட்ரேம் வசதியைச் சேர்த்தால் நினைவகத்தின் ஒரு பகுதி சுருக்கிப் பயன்படுத்தப்பட்டு இன்னும் கொஞ்சம் மூச்சு விடலாம். 32-பிட் கணினிகளுக்கான நிறுவி இந்தப் பதிப்போடு நிறுத்தப்பட்டுவிட்டது.

மலையகத்துக்கு டெபியனின் தனிச் சிறப்பு அதன் அமைதி. நிலையான பதிப்பு வெளிவந்த பின்னர் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத்திருத்தங்களும் மட்டுமே வருகின்றன. ஃபர்ம்வேர்கள் சிறு சிறு தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே மாதாந்த டேட்டாச் செலவு மின்ட்டைவிடக் கண்கூடாகக் குறைவு. பல கணினிகள் உள்ள இடத்தில் இந்த வேறுபாடு பெருகுகிறது: ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சேவையை நிறுவிவிட்டால், ஒருமுறை இறக்கிய தொகுப்பை மற்றக் கணினிகள் அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும். பத்துப் பழைய மடிக்கணினிகளோடு மாலை வகுப்பு நடத்தும் ஒரு மன்றம் ஒரே இணைய டொங்கிளை வைத்து அத்தனையையும் புதுப்பித்து வைக்க இதுவே வழி. மின்ட்டிலும் இதைச் செய்யலாம். ஆனால் இறக்கவேண்டிய அளவே அங்கு கூட.

இதன் விலை நேரமும் கவனமும். சிறிய நிறுவிக் கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு என்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. முகப்பு, உலாவி, அலுவலக மென்பொருள்கள் எல்லாவற்றையும் அது நிறுவும்போதே இணையத்திலிருந்து இறக்கும். இணைப்பு நடுவில் அறுந்தால் வேலையும் நிற்கும். இணைப்பு பலவீனமான தோட்டப் பிரிவுகளில் முழு டிவிடி வடிவக் கோப்பை வேறிடத்தில் இறக்கி எடுத்துச் செல்வதே புத்திசாலித்தனம். டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவியிலேயே ஃபர்ம்வேர்கள் சேர்க்கப்பட்டிருப்பதால் இன்டெல் வைஃபை உடனே இயங்கும். பழைய பிராட்காம் அட்டைகளில் சிலவற்றுக்கு மட்டும் நிறுவிய பின்னர் தனியாக இறக்க வேண்டியிருக்கும். நிறுவி ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பலர் ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் சாதாரணப் பயனருக்கு, நிர்வாகக் கட்டளைகளை இயக்கும் சூடோ உரிமை கிடைக்காது. பின்னர் இணையக் குறிப்புகளில் உள்ள கட்டளைகள் எதுவும் வேலை செய்யவில்லை என்று குழம்ப நேரிடும். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் முதல் பயனருக்கே அந்த உரிமை வந்துவிடும். தமிழ் எழுத்துருக்களையும் எம்17என் தொகுப்பையும் நீங்களே தேடிச் சேர்க்க வேண்டும். இவை எல்லாம் தெரிந்த ஒருவர் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தால், அதன் பின்னர் அந்தக் கணினி நெடுங்காலம் தொந்தரவு தராது.

## ஆன்டிஎக்ஸ்

கணினி உண்மையிலேயே 32-பிட் என்றாலோ, ரேம் 1 ஜிபிக்கு மேல் உயர்த்த முடியாதது என்றாலோ ஆன்டிஎக்ஸ்தான் மிச்சமிருக்கும் நல்ல வழி. டெபியன் 12ஐ அடித்தளமாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23இல் 32-பிட் பதிப்பும் உண்டு. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் சேவைகளைத் தொடக்கப் பயன்படுத்தும் சிஸ்டம்டியைத் தவிர்த்து, ஐஸ்டபிள்யூஎம் என்ற சிறிய சாளர மேலாளரைப் பயன்படுத்துவதால், உலாவி திறக்காத நிலையில் மின்ட் எடுக்கும் ரேமில் ஒரு பகுதியே இதற்குப் போதும். வன்தட்டு செத்துப்போன கணினியிலும், செய்த மாற்றங்களைப் பென்டிரைவிலேயே சேமித்துக்கொண்டு அதிலிருந்தே நாள்தோறும் இயங்கும் வசதியும் இதில் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது.

ஆனால் இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இயங்குதளம் ஓடுகிறது என்பதற்காக இணையம் ஓடிவிடாது. 32-பிட் லினக்ஸுக்கான குரோம் 2016இலேயே நிறுத்தப்பட்டது. ஃபயர்பாக்ஸும் 2025 அக்டோபரில் வெளியான 144ஆம் பதிப்போடு 32-பிட் லினக்ஸைக் கைவிட்டது. சூமின் லினக்ஸ் மென்பொருள் 64-பிட்டுக்கு மட்டுமே. ஆகவே அத்தகைய கணினியில் வங்கிக் கணக்குக்குள் நுழைவதோ இணைய வகுப்பில் சேர்வதோ பற்றி எண்ணாதீர்கள். தட்டச்சுப் பழகவும், பிடிஎஃப் வடிவிலுள்ள பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் படிக்கவும், கிவிக்ஸ் மென்பொருள் வழியாக இணையமின்றித் தமிழ் விக்கிப்பீடியாவை வாசிக்கவும், பைத்தான் எழுதிப் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். ஐந்தாறு வயதுத் தம்பி தங்கைகள் உள்ள வீட்டில் இணையம் இல்லாத கணினி ஒரு குறையும் அன்று.

முகப்பு பழகுவதற்குச் சற்றுக் கடினமானது. அமைப்புகள் வழமையான இடங்களில் இருப்பதில்லை. சிஸ்டம்டி இல்லாததால் இணையத்தில் உள்ள பல லினக்ஸ் குறிப்புகள் இங்கு அப்படியே பொருந்தாது. 64-பிட் செயலியும் 4 ஜிபி ரேமும் உள்ள கணினியில், இலேசாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இதை நிறுவுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

## ஓபன்பிஎஸ்டி

இது லினக்ஸ் அன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி யுனிக்ஸ் மரபில் வந்த முழுமையான இயங்குதளம். உலகெங்கும் சேவையகங்களை நிர்வகிக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் இந்தத் திட்டத்திலிருந்தே பிறந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியாகிறது. அண்மைய இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே திருத்தங்கள் உண்டு என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மேம்படுத்தியாக வேண்டும். 32-பிட் கணினிகளுக்கும் இன்றும் வெளியிடப்படுகிறது. அதன் கைநூல் பக்கங்களின் தரத்துக்கு நிகராக நான் வேறெதையும் கண்டதில்லை: இணையமில்லாத அறையில் அமர்ந்து அவற்றை மட்டும் படித்தே ஒரு மாணவர் கோப்பு முறை, வலையமைப்பு, தீச்சுவர் ஆகியவற்றைத் தெளிவாகக் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டின் ஒரே கணினிக்கு இது பொருந்தாது. காரணங்கள் பல. புளூடூத் ஆதரவு 2014இல் நீக்கப்பட்டது. என்விடியா வரைகலை அட்டைகளுக்கு உரிய வேகம் கிடைக்காது. லினக்ஸ் மென்பொருள்களை இயக்கும் வசதியும் இல்லை. வைஃபை ஃபர்ம்வேர்கள் பல, நிறுவிய பின்னர் இணையத்திலிருந்து இறக்கப்படுபவை. ஆகவே முதல் இணைப்புக்கு ஈதர்நெட் கம்பியோ யூஎஸ்பி டெதரிங்கோ வேண்டும். அங்கீகரிக்கப்படாத இயங்குதளத்தைத் தொடங்க விடாத செக்யூர் பூட் வசதியை அணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதன் கோப்பு முறையில் குறிப்பேட்டு வசதி கிடையாது. மின்சாரம் திடீரென நின்றால், மீண்டும் இயக்கும்போது வட்டு முழுவதையும் சோதிக்க நேரமெடுக்கும். சில வேளைகளில் பயனரே கட்டளை கொடுத்துச் சோதனையை முடிக்கும்வரை உள்ளே போகவும் முடியாது. செத்த பேட்டரியோடு, மழைக்கால மஸ்கெலியாவில், இது வாரந்தோறும் சந்திக்கும் தொல்லையாகிவிடும்.

## ஒதுக்கிவைத்த இரண்டு

லுபுண்டு 24.04 எல்எக்ஸ்கியூடி முகப்போடு வரும் நல்ல தொகுப்பு. ஆயினும் அதற்கான ஆதரவு 2027 ஏப்ரலோடு முடிகிறது. ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவில் வருவதால் பழைய வன்தட்டில் முதல்முறை திறக்கத் தாமதிக்கும். ஸ்னாப் தொகுப்புகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்வதால் கைபேசி டேட்டா தெரியாமல் கரையும். ஃப்ரீபிஎஸ்டியின் இசட்எஃப்எஸ் கோப்பு முறை மின்தடையை நன்றாகத் தாங்கும் என்றாலும், மடிக்கணினி வைஃபையில் லினக்ஸ் தரும் நிம்மதியை அது இன்னும் தருவதில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 22 | டெபியன் 13 | ஆன்டிஎக்ஸ் 23 | ஓபன்பிஎஸ்டி |
|---|---|---|---|---|
| 32-பிட் செயலி | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| வசதியான ரேம் | 4 ஜிபி | 2 ஜிபி முதல் | 1 ஜிபி முதல், இணையம் தவிர்த்து | 2 ஜிபி முதல் |
| நிறுவும் கோப்பு | ஏறத்தாழ 3 ஜிபி | 1 ஜிபிக்குக் குறைவு, பின்னர் மேலும் இறங்கும். அல்லது முழு டிவிடி | 2 ஜிபி அளவு | 1 ஜிபிக்குக் குறைவு, பின்னர் மேலும் இறங்கும் |
| மாதாந்தத் திருத்தங்கள் | அதிகம் | குறைவு | குறைவு | குறைவு. ஆனால் முழுப் பதிப்பு மாற்றம் அடிக்கடி |
| திடீர் மின்தடை | நன்று | நன்று | நன்று | பலவீனம் |
| பிராட்காம் வைஃபை | பென்டிரைவிலிருந்தே இயக்கி | சிலவற்றுக்குத் தனி வேலை | பார்த்துச் செய்ய வேண்டும் | பலவற்றுக்கு ஆதரவில்லை |
| தமிழ்த் தட்டச்சு | அமைப்புப் பட்டியலிலிருந்து | தொகுப்புகளைத் தேடிச் சேர்க்க வேண்டும் | தொகுப்புகளைத் தேடிச் சேர்க்க வேண்டும் | கைவேலை அதிகம் |
| திருத்தங்கள் வரும் காலம் | 2029 வரை | 2030 வரை | டெபியன் 12ஐப் பொறுத்து 2028 வரை | பதிப்புக்கு ஏறத்தாழ ஓராண்டு |
| பராமரிப்பவர் | வீட்டிலுள்ள எவரும் | ஓரளவு தெரிந்தவர் | ஓரளவு தெரிந்தவர் | கற்க விரும்புபவர் |

## யாருக்கு எது

சாதாரண தரம் படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலுள்ள ஒரே கணினி, 64-பிட், 4 ஜிபி ரேம், பழுது பார்க்க அருகில் ஆளில்லை என்றால் தயங்காமல் மின்ட். டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் ஒரு கணினி கெட்டுக் கிடந்தால் ஹட்டன் நகருக்கு எடுத்துச் சென்று காட்டும் பஸ் செலவும், அதைச் சுமந்துகொண்டு போகும் தாய் அல்லது தகப்பனின் ஒருநாள் சம்பளமும் அந்த டேட்டாவைவிடப் பெரியவை. இதனாலேயே நான் டேட்டாவைவிடப் பராமரிப்பை மேலே வைக்கிறேன்.

ஆசிரியர் ஒருவரோ இளைஞர் மன்றமோ பல கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் டெபியன் சிறந்தது. ஒருமுறை சரியாக அமைத்த வட்டை அப்படியே படியெடுத்து மற்றக் கணினிகளுக்கும் இடலாம். எல்லாத் திரைகளும் ஒரே மாதிரி இருந்தால் பாடம் நடத்துவதும் இலகு. 2 அல்லது 3 ஜிபி ரேமோடு நின்றுவிட்ட வீட்டுக் கணினிக்கும், அமைத்துக் கொடுக்கத் தெரிந்த உறவினர் ஒருவர் இருப்பின், டெபியனே பொருந்தும். அத்தகைய கணினியில் ஃபயர்பாக்ஸில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஒரிஜினைச் சேர்த்து, யூடியூப் காணொளிகளைப் பழைய கணினிகளுக்கு எளிதான எச்.264 வடிவில் மட்டும் வரவழைக்கும் நீட்சியையும் நிறுவி, 480பி தரத்தில் பார்த்தால் செயலியும் தாங்கும், டேட்டாவும் மிஞ்சும்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர், பல்கலைக்கழகத்துக்குத் தயாராகும் மாணவர் ஆகியோருக்கு வேறு ஒரு கணினி கையில் இருந்து, இன்டெல் வைஃபையும் ஓரளவு உயிருள்ள பேட்டரியும் கொண்ட பழைய திங்பேட் மடிக்கணினி ஒன்று சும்மா கிடந்தால் ஓபன்பிஎஸ்டியை முயன்று பார்க்கலாம். அதில் பெறும் அறிவு பின்னர் எந்த யுனிக்ஸ் கணினியிலும் உதவும்.

மின்ட்டா டெபியனா என்று இன்னும் மனம் ஊசலாடினால், நிறுவுவதற்கு முன்னர் பல இயங்குதளக் கோப்புகளை ஒன்றாக வைத்துத் தொடங்க உதவும் வென்டாய் இட்ட ஒரு பென்டிரைவில் மின்ட்டின் கோப்பையும், நிறுவாமலே இயங்கும் டெபியனின் லைவ் கோப்பையும் சேர்த்து வைத்து, வன்தட்டைத் தொடாமல் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பென்டிரைவிலிருந்து இயங்கும்போது தெரியும் வேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். எஸ்எஸ்டியில் நிறுவிய பின்னர் அது வெகுவாக மாறும். இணையத் தளங்கள் சான்றிதழ்ப் பிழை காட்டினால் கணினியின் திகதியைப் பாருங்கள். பல ஆண்டு பழைய கணினிகளில் தாய்ப்பலகையிலுள்ள சிறு பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு முறையும் கடிகாரம் பின்னோக்கிச் சென்றுவிடும். அதனை மாற்றிவிட்டால் அந்தச் சிக்கல் எந்த இயங்குதளத்திலும் தீர்ந்துவிடும்.